பின்னுக்கு நின்றவர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகாத செத்த வீட்டுக்குப் போனதாக என் பெயரை என் கையாலேயே எழுதி, கீழே கையெழுத்தும் வைத்து, அரசாங்கத்துக்கு அனுப்பிய ஆள் நான். பட்டியலில் என் இலக்கம் பதினேழு. எழுதியவர் என்ற இடத்திலும் நான்தான். சரிபார்த்தவர் என்ற இடத்திலும் நான்தான். ஒரே கடதாசியில் மூன்று இடத்தில் பொய் சொல்ல எல்லாருக்கும் வாய்க்காது.

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சனம் பி.எச்.ஐ என்று சொல்லும். கிளிநொச்சியில் சாப்பாட்டுக் கடைகளின் குசினிக்குள் புகுந்து மூக்கைச் சுளிப்பதும், கிணறுகளுக்குக் குளோரின் போடுவதும், நுளம்பு தேடி அடுத்தவர் வளவில் சிரட்டை புரட்டுவதும் என் தொழில். கொரோனா வந்த பிறகு எங்களுக்கு ஒரு மரியாதை வந்து சேர்ந்தது. மரியாதை என்றால், என் மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கைக்குள் கேட்டவுடன் படலைகள் சாத்தப்படும். முற்றத்தில் இருமிக்கொண்டு நின்றவர் மிச்ச இருமலை விழுங்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய்விடுவார்.

நான் சொல்லப்போவது டெல்டா ஓய்ந்து, ஊர் முகக்கவசத்தை நாடிக்கு இறக்கியிருந்த காலம். கூடுகிற தடைகள் தளர்ந்திருந்தன. மண்டபங்களுக்கு மட்டும் இத்தனை பேர்தான் என்று ஓர் அளவு இருந்தது. அந்த அளவைப் பார்ப்பதும் என் வேலைதான். அதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். பிறகு நீங்கள் கேட்பீர்கள்.

மாற்றலாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு மெக்கானிக் ஐயாவின் வீட்டில் வாடகைக்கு இருந்தேன். உழவு இயந்திரம், நீர்ப்பம்பி, எது நின்றுபோனாலும் அவரிடம்தான் வரும். விசுவமடுவிலிருந்துகூட ஏற்றிக்கொண்டு வருவார்கள். என் மோட்டார் சைக்கிளையும் அவர்தான் திருத்துவார். "தம்பி, இது இரும்புக் கடைக்குப் போற வழியில உங்களிட்டக் கொஞ்சக் காலம் வந்து நிக்குது" என்பார். மனைவியை இழந்தவர்; மகளோடும் மருமகனோடும் இருந்தார். மகளை நான் அக்கா என்பேன். என் கலியாணத்துக்கு முந்திய ஒன்றரை வருசம் எனக்கு இரவுச் சாப்பாடு அந்த அக்காவின் குசினியில்தான்.

ஐயா ஒரு நாள் விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இருந்த கதிரையிலேயே போய்விட்டார். அது கொரோனா இல்லை. ஆஸ்பத்திரியில் பரிசோதித்துத்தான் தந்தார்கள். பிரான்ஸில் இருந்த ஒரே மகன் சேதி கேட்டவுடன் கிடைத்த விமானத்தில் ஏறி வந்தார். அவருக்காகப் பெட்டியை வைத்திருந்து மூன்றாம் நாள் பின்நேரம் சுடலைக்கு எடுத்தார்கள்.

அதே நாளில் நகரத்தின் பெரிய மண்டபமொன்றில் ஒரு சாமத்திய வீடு. சீமெந்துக் கடை முதலாளியின் மகள் பெரியபிள்ளையான கொண்டாட்டம். செத்த வீட்டுக்குப் போய்விட்டு நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது. நல்ல காரியத்துக்குப் போய்விட்டுச் செத்த வீட்டுக்குப் போகலாம். ஆகவே என் திட்டம் தெளிவாக இருந்தது. காலையில் மண்டபம், மத்தியானம் சாப்பாடு, மூன்று மணிக்கு ஐயாவின் வீடு.

மண்டபத்தில் அந்த அளவுக்கு மேலே இன்னோர் அளவு சனம். கொழும்பிலிருந்து ஒரு பஸ் நிறையச் சொந்தங்கள், வெளிநாட்டுக்காரர் ஒரு வான் நிறைய. குளிரூட்டியைப் போட்டு யன்னல்களையெல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். நான் கடமை தவறாமல் தலைகளை எண்ணத் தொடங்கினேன். நாலாவது வரிசையில் நிற்கும்போது முதலாளி வந்து தோளில் கை போட்டார்.

"சேர், என்ன யோசனை? முதல் பந்தி."

அதற்கு மேல் எண்ணவில்லை. வடை, பாயாசம், அதற்கு மேல் ஐஸ்கிரீம். வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றி, ஒரு அரை மணித்தியாலம் என்று கட்டிலில் சரிந்தேன். கண் விழித்தபோது முற்றத்தில் வெயில் போயிருந்தது. மனைவி வாசலில் நின்றாள்.

"இனி எழும்பி என்ன? ஐயாவை எரிச்சு முடிச்சிருப்பினம்."

"என்னை எழுப்பியிருக்கலாமே!"

"மூண்டு தரம் எழுப்பினனான். மூண்டாம் தரம் இன்னொரு ஐஸ்கிரீம் கேட்டனீங்கள்."

ஒரு கிழமைக்குள் நகரத்தில் காய்ச்சல் தொடங்கியது. தொண்டை நோ, உடம்பு உளைவு. ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் இரண்டாம் நாள் முழு வீடும் படுத்தது. பளையிலிருந்தும் தொலைபேசி வந்தது, அங்கேயும் அப்படித்தான் என்று. எங்கள் சுகாதார வைத்திய அதிகாரி என்னைவிட வயதில் குறைந்த பெண்; நாங்கள் டொக்டர் என்று கூப்பிடுவோம். அவா காய்ச்சல் கணக்கைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினா.

"இது டெல்டா ஓடுற ஓட்டமில்லை. வேற ஏதோ வந்திருக்கு. மாதிரிகளைக் கொழும்புக்கு அனுப்புவம். அங்க வைரஸின்ர மரபணுவை எழுத்து எழுத்தா வாசிச்சு எந்த வகையெண்டு சொல்லுவினம். ஆனால் நாளெடுக்கும். அதுக்குள்ள ஆருக்கு முதல் வந்தது, ஆரிட்ட இருந்து வந்ததெண்டு நீங்கள் தேடுங்கோ. எந்த வழியால உள்ளுக்கு வந்ததெண்டு தெரிஞ்சால்தான், அடுத்தது வரேக்க அந்த வழியில போய் நிக்கலாம்."

முதலில் வந்த நோயாளிகளை வரிசையில், மற்றவர்களின் காதுபட வைத்தே கேட்டேன். ஒரு தையல்காரர், ஒரு பஸ் கொண்டக்டர், இன்னும் மூன்று பேர். ஐந்து பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். மெக்கானிக் ஐயாவின் செத்த வீட்டுக்குப் போனனான். இரண்டு பேர் சாமத்திய வீட்டையும் எட்டிப் பார்த்ததாகச் சொன்னார்கள். பழைய டெங்கு விளம்பரத்தாளின் பின்பக்கத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டு, நடுவில் சிவப்புப் பேனையால் 'செத்த வீடு' என்று எழுதினேன். மண்டபத்தையும் எழுதினேன், எழுதவில்லை என்று சொல்லக்கூடாது. ஒரு மூலையில், சின்னதாக, பென்சிலால்.

இனிச் செத்த வீட்டுக்குப் போன எல்லாரையும் பிடிக்கவேண்டும். சனம் எனக்குப் படலை திறக்காது என்று சொன்னேனே, அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஐயாவின் மருமகனை, அக்காவின் புருசனை, பின்னுக்கு ஏற்றிக்கொண்டு போவது. அவரைக் கண்டால் எந்தப் படலையும் திறக்கும். கொழும்பில் பெரிய படிப்புப் படித்தவர்களுக்குக்கூட இப்படியொரு யோசனை வராது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். உண்மைதான். அவர்களுக்கு வந்திருக்காது.

மோட்டார் சைக்கிளில் ஏற வந்தவர், ஏறாமல் நின்று கேட்டார்.

"சேர், நீங்கள் அண்டைக்கு வந்தனீங்களோ?"

அந்த வீட்டில் ஒன்றரை வருசம் சாப்பிட்ட வாய். அது என்னைக் கேட்காமலே திறந்தது.

"வராமல் இருப்பனே அண்ணை? பின்னுக்கு நிண்டனான். சனத்துக்குள்ள நீங்கள் காணேல்லைப் போல."

அவர் வலது தோளைத் தடவிக்கொண்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓமோம். சனம்தானே."

"தோளுக்கு என்ன அண்ணை?"

"பிடிச்சுப்போட்டுது."

நெல்லு மூட்டை ஏற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை உதைத்தேன்.

முதல் படலை, பக்கத்து வளவு ஓட்டோக்காரருடையது. அவருடைய வயதான தாய் உள்ளே கட்டிலில் இருமிக்கொண்டு கிடந்தா. எத்தனையோ வருசமாக நடக்கமாட்டாத மனுசி. ஓட்டோக்காரர் என்னைக் கண்டு முகத்தைச் சுளித்தார். என் பின்னால் இருந்தவரைக் கண்டதும் முகம் மாறியது.

"செத்த வீட்டுக்குப் போனனீங்களோ?" என்று கேட்டேன்.

"என்ன கேள்வி சேர் இது? பக்கத்து வளவுக்காரன். போகாமல் இருப்பனே? பின்னுக்கு நிண்டனான்."

அடுத்த வீட்டில் ஒரு ரீச்சர். "மதில் கரையில நிண்டனான், தலையிடியெண்டு கெதியா வந்திட்டன்" என்றா. அதற்கடுத்த வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். "பெட்டியைப் பிடிச்சுக் கத்தினனான் அண்ணை, நீங்கள் காணேல்லையோ?" என்று மருமகனைப் பார்த்துக் கேட்டார்.

"கண்டனான், கண்டனான்" என்றார் மருமகன்.

பின்நேரத்துக்குள் நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். அரைவாசிக்கு மேல் பின்னுக்கு நின்றவர்கள். ஐயாவின் செத்த வீட்டுக்கு முன்பக்கம் என்று ஒன்று இருந்ததோ தெரியாது. மருமகன் பார்த்துக்கொண்டிருக்க என் பெயரையும் நடுவில் செருகினேன். அந்தப் படலைகளில் சில முகங்களை நான் மண்டபத்திலும் கண்டிருந்தேன். பாவங்கள், எவ்வளவு நல்ல சனம், சாப்பிட்டுவிட்டு என்னைப்போலக் கட்டிலில் விழாமல் நேரே செத்த வீட்டுக்கும் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இந்த ஊரிலேயே கள்ளன் நான் ஒருவன்தான் என்று மெய்யாகவே வெட்கப்பட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஐயாவின் வீட்டில் எல்லாருக்கும் பரிசோதித்தோம். அக்காவுக்கும் புருசனுக்கும் இல்லை. எனக்கும் இல்லை, வைரஸுக்கும் ஒரு தராதரம் இருக்குமாக்கும். பிரான்ஸிலிருந்து வந்த மகனுக்கு இருந்தது.

வட்டம் பூர்த்தியாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்தவர், செத்த வீடு, நாற்பத்தொரு பேர், நகரம். கோடு கீறிப் பார்த்தால் கோவில் சித்திரம் மாதிரி வடிவாக இருந்தது. ஒருவரும் எனக்கு மண்டபத்தை ஞாபகப்படுத்தவில்லை. நானும் ஒருவருக்கும் ஞாபகப்படுத்தவில்லை. மண்டபம் என்று தொடங்கினால், எத்தனை பேர் இருந்தார்கள் என்று டொக்டர் கேட்பா. பி.எச்.ஐ எங்கே இருந்தார் என்று அடுத்ததாகக் கேட்பா.

இன்னுமொன்று செய்தேன். 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று மூன்று மொழியிலும் அச்சடித்த கடதாசியைப் படலைகளில் ஒட்டுகிற வழக்கத்தை அப்போது விட்டுவிட்டோம். ஆனால் என் பைக்குள் பழையது ஒன்று மடிந்து கிடந்தது. வீணாகப் போகிறதே என்று அதைக் கொண்டுபோய் ஐயாவின் படலையில் ஒட்டினேன். பசையும் நல்ல பசை.

மகன் விறாந்தையில் தள்ளி ஒரு கதிரையில் இருந்தார். மொட்டையடித்த தலை. என்னைவிட நாலைந்து வயது இளையவர்.

"அண்ணை, நான்தானோ கொண்டுவந்தது?"

"கொழும்பு முடிவு வரட்டும்" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. கண் படலைக் கடதாசியைப் பார்த்தது. அவரும் அதைத்தான் பார்த்தார்.

"முப்பத்தோராம் நாள் முடியுமட்டும் நிக்கலாமோ? லீவு கேட்டுத்தான் வந்தனான். கொள்ளி வைச்ச நான்தானே அந்தியேட்டியும் செய்யோணும். அப்பாவுக்கு வேற ஆர் இருக்கினம்?"

"அதுக்கென்ன, இன்னும் நாள் கிடக்கு. உங்கட தனிமை ஒரு கிழமையில முடிஞ்சிடும். நில்லுங்கோ" என்றேன். வலு தாராளமாக அனுமதி கொடுத்தேன், அவருடைய தகப்பன் வீட்டில் அவர் நிற்பதற்கு.

கடதாசிக்கு அதன்பின் கால் முளைத்தது. கடையில் அக்காவுக்குச் சாமானைத் தூர வைத்துவிட்டு எடுக்கச் சொன்னார்கள். பால்காரர் போத்தலை மதிலில் வைத்துவிட்டு மணி அடித்தார். காய்ச்சலால் பிந்திப்போன எட்டாம் நாள் செலவுக்கு வீட்டார் மாத்திரம் இருந்து படைத்தார்கள். பெடியனின் தனிமை நாள் முடிந்து நான் கடதாசியைச் சுரண்டி எடுத்த பிறகும் படலையில் அது இருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. அதுவே போதும், வாசிக்க எழுத்துத் தேவையில்லை.

அந்தக் கிழமை ஓட்டோக்காரரின் தாய் செத்துப்போனா. ஏற்கெனவே நெஞ்சுச் சளி உள்ள மனுசி. சொந்தக்காரர் நாலைந்து பேரோடு அலுவலை முடித்துவிட்டு, சுடலையிலிருந்து வந்த ஈர வேட்டியோடு அந்த மனிதன் ஐயாவின் படலைக்கு முன்னால் வந்து நின்று கத்தினார். நானும் அங்கே நின்றேன். கிருமிநாசினி அடிக்க வந்திருந்தேன்.

"வெளியில வாடா! கொப்பன்ர செத்த வீட்டுக்கு வந்து நான் கொண்டுபோய் என்ர அம்மாவுக்குக் குடுத்தனான்! பிளேனில ஏத்திக்கொண்டு வந்தனியே? அம்மாவைத் தாடா!"

ஒழுங்கை முழுக்கப் படலைகளில் தலைகள். ஒருவரும் அவரைப் பிடித்து இழுக்கவில்லை. அக்கா வாசலில் நின்று, "அவன் என்ன செய்வான், அவன் என்ன செய்வான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னா. அதைவிட வேறொன்றைச் சொல்ல வாய் எடுத்ததுபோலவும் பிறகு விழுங்கியதுபோலவும் எனக்குப் பட்டது. மகன் வெளியே வந்து, கையைக் கட்டிக்கொண்டு, முழுவதையும் கேட்டார். என் கையில் கிருமிநாசினிக் குழாய் இருந்தது. அதை எங்கே அடிப்பதென்று தெரியாமல் நின்றேன்.

மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். முப்பத்தொன்றுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அதிகாலை வானில் கட்டுநாயக்காவுக்குப் போனாராம். மருமகன்தான் சொன்னார். "நிண்டால் அக்காவையும் இருக்க விடாயினம் எண்டு சொன்னவன் சேர். அந்தியேட்டிக்கு நான் கீரிமலைக்குப் போறன், நான் செய்யிறன், வேற என்ன?"

அதற்குப் பிறகுதான் கொழும்பு முடிவு வந்தது. டொக்டர் என்னை அழைத்து, என் டெங்கு விளம்பரத்தாளை மேசையில் விரித்தா.

"உங்கட படம் வடிவாயிருக்கு. ஆனால் பிழை."

"என்ன பிழை டொக்டர்?"

"ஒரே பஸ்ஸில வந்த சனமெண்டால் எல்லாரிட்டயும் ஒரே பஸ்ஸின்ர ரிக்கெற் இருக்கோணும் எல்லே? நகரத்துக் காய்ச்சல்காரர் எல்லாரிட்டயும் இருக்கிறது ஒமிக்ரோன், புதிசு. உந்தப் பிரான்ஸ் பெடியனிட்ட இருந்தது பழைய டெல்டா. அந்தப் பெடியனிட்ட இருந்து இவையளுக்கு வரவே ஏலாது. அந்தப் பெடியனின்ர ரிக்கெற் வேற ஒருத்தரிட்டயும் இல்லை. நாப்பத்தொரு பேர் பக்கத்தில நிண்டும் ஒருத்தருக்கும் தொற்றேல்லையோ?"

நான் விளம்பரத்தாளைப் பார்த்தேன். மூலையில், பென்சிலில், சின்ன எழுத்து என்னைப் பார்த்தது.

அன்று பின்நேரம் தனியே அதே படலைகளுக்குப் போனேன். பின்னால் ஒருவரையும் ஏற்றவில்லை. ரீச்சர் முதலில் தலையிடிக் கதையைத்தான் சொன்னா. பிறகு ஒழுங்கையை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினா.

"சேர், மருமோன் பக்கத்தில நிக்கேக்க, உங்கட மாமாவின்ர செத்த வீட்டுக்கு நான் வரேல்லையெண்டு சொல்ல ஏலுமே? வெளிநாட்டுப் பெடியன் நிக்கிறானெண்டு பயத்தில போகேல்லை. போனதெண்டு சொன்னால் ஒரு பஞ்சுக்குச்சி மூக்குக்குள்ள, கூடினால் ஒரு கிழமை வீட்டில. போகேல்லையெண்டால் சாகுமட்டும் கதை. நாளைக்கு எங்கட வீட்டில ஒண்டு நடந்தால் ஆர் வருவினம்?"

"அப்ப அண்டைக்கு எங்க நிண்டனீங்கள்?"

"சாமத்திய வீட்டிலதான். நீங்கள் ரெண்டாந்தரம் ஐஸ்கிரீம் வாங்கேக்க உங்களுக்குப் பின்னால நான்தானே நிண்டனான்."

பெட்டியைப் பிடித்துக் கத்தினவரும் பெட்டியைக் காணவேயில்லை. கொண்டக்டர், தையல்காரர், எல்லாரும் அப்படித்தான். செத்த வீட்டுக்கு வந்ததாகச் சொன்னவர்கள் எல்லாரும் நித்திரை கொள்ளாத நான்கள்.

அடுத்த நாள் முதலாளி வீட்டுக்குப் போய் அந்தச் சாமத்திய வீட்டு வீடியோவைப் பார்க்கக் கேட்டேன். அவருக்குப் பூரிப்பு. குசினியை நோக்கிச் சத்தம் வைத்தார். "இஞ்சரப்பா, தேத்தண்ணி கொண்டு வாரும். சேர் பிள்ளையின்ர வீடியோ பாக்க வந்திருக்கிறார்!" நான் பேனையும் கொப்பியுமாக இருந்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தட்டம் தூக்கிக்கொண்டு வருகிற வரிசையில் தையல்காரர். கொழும்புச் சொந்தங்களோடு ஒட்டி நின்று படம் எடுக்கிற கொண்டக்டர். மேசைக்கு மேசை கைகொடுத்துத் திரிகிற, கொஞ்சம் இருமுகிற ஒரு கொழும்பு மாமா. இரண்டாவது தரம் போடச் சொன்னேன். மூன்றாவது தரமும் போடச் சொன்னேன். "சேருக்கு எங்கட பிள்ளையில அவ்வளவு விருப்பம்" என்று மனைவிக்குச் சொன்னார் முதலாளி.

மூன்றாந்தரம்தான் ஓட்டோக்காரரைக் கண்டேன். பாயாச வாளியோடு பந்தி முழுக்கப் பரிமாறிக்கொண்டு போகிறார். மூலையில் நேரம் ஓடுகிறது. ஐயாவின் பெட்டி படலை தாண்டிய நேரத்துக்கு அவர் மண்டபத்து வாசலில் நின்று வெற்றிலை போடுகிறார். அதற்கு வெகு நேரம் முந்தி, அவர் பாயாசம் ஊற்றிய முதல் பந்தியில், வாய் நிறைய வடையோடு, கமராவைக் கண்டு கையை ஆட்டுகிற ஒரு மனிதரும் தெரிந்தார். அவரை உங்களுக்குத் தெரியும்.

ஓட்டோக்காரரின் படலைக்குப் போனேன். போகத்தான் வேண்டும் என்று போனேனே தவிர, போய் எதைச் சொல்வது? பிரான்ஸ் பெடியன் உங்கள் தாயைக் கொல்லவில்லை என்று சொன்னால், அப்படியென்றால் வீட்டுக்குள் கொண்டுவந்தது யார் என்ற அடுத்த கேள்வி தானாக வரும். அவர் படலைக்கு வந்தார். என் கையில் இருந்த கொப்பியைப் பார்த்தார். என் பின்னால் ஒருவரும் இல்லாததையும் பார்த்தார். மனிதனுக்கு விளங்கிவிட்டது, எனக்கு முன்னமே விளங்கியிருக்கவும் கூடும்.

"சேர்," என்றார், "அதை விடுங்கோ."

விட்டுவிட்டேன். இந்த வேலையில் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான். சரியோ பிழையோ, இன்றைக்கும் தெரியாது.

டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மண்டபம், அளவு, குளிரூட்டி, பட்டியலில் பதினேழாம் இலக்கம். ஏசுவா என்று காத்திருந்தேன். அவா பேனையை மூடித் திறந்தா.

"கொழும்பு மாமாதான் எண்டு நிச்சயமே?"

"இல்லை டொக்டர். அவரைப்போல பத்துப்பேர் இருமிச்சினம். மண்டபமெண்டு சொல்லலாம். ஆளெண்டு சொல்ல ஏலாது."

"முதல் கிழமையே மண்டபமெண்டு சொல்லியிருந்தால், அடுத்தடுத்த கிழமை நடந்த விசேசங்களில யன்னலாவது திறந்திருப்பம்" என்றா. அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். என் மேல் மேலிடத்துக்கு அறிக்கை எழுதினா, எழுதத்தான் வேண்டும். பிறகு இன்னொரு கடிதமும் எழுதி என் கையில் தந்தா. இந்தக் குடும்பத்தின் மகனுக்கு இருந்தது வேறு வகை, நகரத்தில் பரவியது அவரிடமிருந்து வந்ததல்ல என்று, முத்திரை குத்தி.

அதைக் கொண்டுபோகவேண்டிய நாள் முப்பத்தோராம் நாளாக வந்து சேர்ந்தது.

வேட்டி உடுத்து நேரத்துக்கே போனேன். மனைவி வாசலில் நின்று, "இண்டைக்காவது போய்ச் சேருங்கோ" என்று வழியனுப்பினாள். ஐயாவின் முற்றத்தில் தறப்பாள் பந்தல். வாடகைக் கதிரைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியபடியே, பிரிக்காமல் நின்றன. வாழையிலைக் கட்டும் அவிழ்க்காமல் கிடந்தது. கீரிமலையிலிருந்து திரும்பியிருந்த மருமகன், பெடியனுக்கென்று எடுத்திருந்த புது வேட்டியைக் கட்டிக்கொண்டு இருந்தார். அது அவருக்குக் கட்டையாக இருந்தது. அக்காவின் சொந்தங்கள் ஏழெட்டுப் பேர். ஒழுங்கைக்காரர் ஒருவரும் இல்லை. பெரிய கிடாரங்களில் சோறும் கறிகளும் மூடியபடி ஆவி விட்டுக்கொண்டிருந்தன. ஒழுங்கை முழுவதற்கும் காணும்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கடிதத்தை வாங்கினா. நின்றபடியே முழுவதையும் வாசித்தா. முத்திரையைப் பெருவிரலால் ஒருக்கால் தடவிப் பார்த்தா.

"இதைத் தம்பிக்கு அனுப்பலாமோ?"

"படம் எடுத்து அனுப்புங்கோ அக்கா. நான் வேணுமெண்டால் கதைக்கிறன்."

"போன் எடுக்கிறானில்லை" என்று சொல்லிக் கடிதத்தை மடித்து, அலுமாரியைத் திறந்து ஐயாவின் கண்ணாடிக் கூட்டுக்குக் கீழே வைத்தா. "இருங்கோ. சாப்பிட்டிட்டுப் போங்கோ."

பாயில் இருந்தேன். மருமகன் எனக்கு முன்னால் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். அக்கா சோறு போட்டா. பருப்பு விட்டா. அந்தக் குசினிச் சாப்பாட்டின் வாசம் எனக்கு நல்லாகத் தெரியும். கை இலைக்குப் போகவில்லை. நாற்பத்தொரு பேருக்காகவும் நான் ஒருவன் சொல்லிவிடலாம் என்று நினைத்தேனோ, அல்லது சொல்லிவிட்டால் சாப்பாடு இறங்கும் என்று நினைத்தேனோ தெரியாது.

"அக்கா, உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். அண்டைக்கு நான் ஐயாவின்ர செத்த வீட்டுக்கு வரேல்லை. பின்னுக்கு நிண்டனானெண்டு அண்ணைக்குச் சொன்னது பொய். வீட்டில நித்திரையாக் கிடந்தனான்."

மருமகன் தண்ணீர்ச் செம்பை இலைக்குப் பக்கத்தில் வைத்தார். அக்கா அகப்பையிலிருந்த கத்தரிக்காய்க் கறியை என் இலையில் வைத்துவிட்டு, நிமிராமலே சொன்னா:

"தெரியும் தம்பி, பெட்டி தூக்க ஆளில்லாமல் நிண்டது நாங்கள்தானே."